தேரடியிலிருந்து ஒரு பார்வை: மரச்சிற்பி இக்னாஸ் குந்தர் (1725–1775)

ஐரோப்பியக் கலை வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் நூல்களில் ரோகோகோ பாணிக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. மறுமலர்ச்சிக்கு ஓர் இயல், பரோக்குக்கு ஓர் இயல். அதன்பின் பொன்முலாம் பூசிய நாற்காலிகள், கிளிஞ்சல் வடிவ அலங்காரங்கள், ஊஞ்சலாடும் சீமாட்டிகள் என்று நான்கு வரி. உடனே பிரெஞ்சுப் புரட்சி வந்துவிடும். பெயரே ஏளனத்தில் பிறந்ததுதான். பாறைத் துண்டும் கிளிஞ்சலும் பதித்த அலங்காரத்தைக் குறிக்கும் 'ரோக்காய்' என்னும் பிரெஞ்சுச் சொல்லைத் திரித்து, தம் பாட்டனார் காலத்து ரசனையைக் கேலி செய்வதற்காகப் பிற்காலத்தார் வழங்கிய பெயர் அது. கேலி மறந்துபோயிற்று, பெயர் நின்றுவிட்டது. பொருளற்ற ஆடம்பரம் என்னும் தீர்ப்பும் அதனோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

இத்தீர்ப்பு நமக்குப் புதியதன்று. பல்லவரின் எளிமை, சோழரின் கம்பீரம், நாயக்கரின் ஆடம்பரம் என்ற வாய்பாட்டைக் கல்லூரி வகுப்பறைகளில் கேளாதவர் யார்? திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கொடிமர மண்டபத்தில் தூணை விட்டு முன்னே பாய்ந்து நிற்கும் வீரபத்திரரையும், எலும்பும் நரம்பும் தெரிய நிற்கும் கர்ணனையும் அருச்சுனனையும் 'ஆடம்பரம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நாயக்கர் கலையைப் 'பரோக்' என்றழைத்த மேலை அறிஞர்களும் உண்டு. காலக்கணக்கில் அது பொருந்தவும் செய்கிறது. திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. உரோமாபுரியின் பெருஞ்சிற்பி பெர்னினி வாழ்ந்தது 1598 முதல் 1680 வரை. ஆனால் ஒருவர் கலையை இன்னொருவர் கலையின் பெயரால் அழைத்துவிட்டால் புரிந்துகொண்டதாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

இக்கட்டுரையில் நாம் அந்த ஒப்பீட்டை மறுதிசையிலிருந்து செய்து பார்க்க விரும்புகிறோம். தென்பாண்டிக் கலையை ஐரோப்பியச் சட்டகத்தில் வைத்துப் பார்த்தது போதும். ஆடிப்பூரத் தேரைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, ரோகோகோ காலத்துத் தேவாலயச் சிற்பி ஒருவரைப் பார்த்தால் என்ன தெரிகிறது? இதற்கு நாம் தேர்ந்துகொண்டவர் பவேரிய நாட்டு மரச்சிற்பி இக்னாஸ் குந்தர். செல்வாக்கு, தொடர்பு என்று எதையும் நாம் நிறுவ வரவில்லை. திருவில்லிபுத்தூர் என்னும் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

குந்தர் 1725ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் பவேரியாவின் ஆல்ட்மன்ஷ்டைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர், சிற்ப வேலையும் செய்தவர். நம் ஊர்க் கம்மாளர் வீடுகளைப் போலவே பிள்ளைக்கு முதற்பள்ளி தந்தையின் பட்டறைதான். பதினெட்டு வயதளவில், 1743இல், மியூனிக் நகருக்குச் சென்று அரசவைச் சிற்பியான யொஹான் பாப்டிஸ்ட் ஷ்ட்ரௌப்பிடம் சேர்ந்தார். அங்கே ஏழாண்டுகள். ஷ்ட்ரௌப் நிதானமான கலைஞர். அவருடைய உருவங்களில் ஒரு கனிவு உண்டு, அவசரம் இராது. சீடரிடம் பின்னாளில் தெரியும் பதற்றம் குருவிடமிருந்து வந்ததன்று.

1750இல் குரு வீட்டை விட்டுப் புறப்பட்டு ஊர் ஊராகத் திரிந்து வேலை கற்றார். தொழில் பழகியவன் சில ஆண்டுகள் அயலூர்ப் பட்டறைகளில் கூலிக்கு உழைத்த பின்பே சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்பது ஜெர்மானிய நாடுகளின் வழக்கம். சால்ஸ்பர்க், மன்ஹைம், மொராவியாவின் ஓல்முட்ஸ் என்று சுற்றினார். மன்ஹைமில் பால் எகெல் என்ற முதுபெருஞ் சிற்பியின் இறுதி நாட்களில் அவரிடம் வேலை செய்தார். உடலை நீட்டுவது, துணிமடிப்பைக் கத்திவிளிம்புபோல் கூர்மையாக்குவது ஆகிய இரண்டையும் எகெலிடமிருந்தே பெற்றார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிற்பங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது நமக்கும் அது சரியென்றே படுகிறது. 1753இல் வியன்னா கலைக்கழகத்தில் சேர்ந்து, அவ்வாண்டே சிற்பப் போட்டியில் முதற்பரிசு பெற்றார்.

1754இல் மியூனிக் திரும்பியபோது அவர்முன் நின்றது தொழிற்சங்கம் என்னும் சுவர். இன்றைய பொருளில் தொழிற்சங்கம் அன்று. ஒரு நகரில் இத்தனை பேர்தான் பட்டறை வைக்கலாம் என்று வரையறுக்கும் கைவினைஞர் குழு. இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது இறந்துபோன ஆசானின் விதவையை மணந்து பட்டறையைப் பெற வேண்டும். குந்தர் இரண்டையும் செய்யவில்லை. பவேரியாவை ஆண்ட மூன்றாம் மாக்சிமிலியன் யோசப்பின் அவைக்கு விண்ணப்பித்து, குழுவின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றார். இந்த விலக்குக்குச் சம்பளம் கிடையாது. தொழில் செய்யும் உரிமை மட்டும் உண்டு. 1757இல் வெள்ளிக் கொல்லர் ஒருவரின் மகளை மணந்தார். 1761இல் சொந்த வீடு வாங்கினார். அவ்வீடு இன்றும் நிற்கிறது. மியூனிக் நகர அருங்காட்சியகத்தோடு இணைந்து அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைக்கிறது? எல்லாம் காகிதத்தால் வந்தது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அரசவைக்குப் போட்ட மனு, வீட்டுப் பத்திரம், மடங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், அவர் கைப்பட வரைந்த ஏராளமான முன்வரைவுகள். திருவில்லிபுத்தூர் வடபத்திரசாயி சந்நிதிக்குப் படியேறிப் போகும்போது மேலே மண்டபக் கூரையில் தேக்குமரத்தில் இராமாயண பாரதக் காட்சிகளைச் செதுக்கியவருக்கும் பட்டறை இருந்தது, குரு இருந்தார், கூலித் தகராறும் இருந்திருக்கும். நம் கல்வெட்டுகள் கொடுத்தவரைச் சொல்லும். கொடுத்த நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும். உளி பிடித்தவரைச் சொல்வது மிக அரிது. பெயரைப் பொறிக்காதது நம் சிற்பிகளின் பணிவு என்று மேடைகளில் சொல்லிப் பூரிப்பது வழக்கமாகிவிட்டது. அது பணிவா, பொறிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லாமையா என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். இவ்வூரின் கோபுரம் 1949இல் அரசு முத்திரையில் ஏறியது என்பதும், அதே ஆண்டு முதலமைச்சரானவர் பக்கத்து இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா என்பதும் எல்லார்க்கும் தெரியும். அது இந்தக் கோபுரமா, மதுரை மேற்குக் கோபுரமா என்ற வழக்கும் ஓய்ந்தபாடில்லை. கோபுரத்துக்காக இத்தனை வாதிடும் நாம் அந்த மரக்கூரையை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை.

குந்தர் கையாண்ட மரம் லிண்டன். ஆங்கிலத்தில் இதற்கு 'லைம்' என்றும் பெயர் உண்டாதலால் மொழிபெயர்ப்புகளில் எலுமிச்சை மரமாகிவிடுகிறது, இரண்டுக்கும் உறவில்லை. லிண்டன் மென்மையானது, ரேகை அடர்த்தியில்லாதது, எந்தத் திசையில் உளி வைத்தாலும் இடம் கொடுக்கும். நம் தேர்களுக்கு ஏற்ற இலுப்பையும் வேங்கையும் இதற்கு நேர் எதிர். அவை இறுகியவை, வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பவை, உளியைத் திருப்பி அடிப்பவை. இலுப்பையில் செதுக்குபவர் திரண்ட வடிவங்களை நாடுவதும், லிண்டனில் செதுக்குபவர் காகிதம் கசங்கியது போன்ற மெல்லிய மடிப்புகளை நாடுவதும் மரம் சொல்லிக்கொடுத்த பாடங்கள். பாணி என்று நாம் பெயரிடுவதில் பாதி மரத்தின் குணம்.

முழு உருவத்தைச் செய்யும்போது அடிமரத்தைப் படுக்கைவாட்டில் கிடத்தி, இரு முனைகளையும் பிணைத்து, உருட்டி உருட்டிச் செதுக்குவது அந்நாட்டு மரச்சிற்பிகளின் நெடுநாள் வழக்கம். முதுகுப்புறத்தைக் குடைந்து உள்ளீடற்றதாக்கிவிடுவார்கள். மரம் உலரும்போது வெடிக்காமல் இருக்க இது வழி. செதுக்கி முடித்தவுடன் சிற்பியின் வேலை தீர்ந்தது. ஆனால் சிற்பம் தீரவில்லை. வண்ணம் தீட்டுவது தனித்தொழில், அதற்குத் தனி ஆசான். பசையில் குழைத்த சுண்ணத்தைப் பல பூச்சாகப் பூசித் தேய்த்து, அதன்மேல் பொன்தாளும் வெள்ளித்தாளும் ஒட்டி, முகத்துக்கும் கைக்கும் தோல் நிறம் கொடுப்பார். சில உருவங்களை முழுக்க வெள்ளையாக்கிப் பளிங்குபோல் மெருகிடுவதும் உண்டு. கண்ணிமையின் ஓரச் சிவப்பு, கன்னத்தின் இளஞ்சிவப்பு இவையெல்லாம் குந்தர் உருவங்களின் உயிர் என்று நாம் வியப்பவற்றில் வண்ணக்காரருக்கும் பங்குண்டு. எண்ணெய் குடித்துக் கறுத்த நம் தேர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மினுமினுப்பு முதலில் ஒவ்வாது. பொம்மைக் கொலு என்றுகூடத் தோன்றும்.

அத்தோற்றத்தைக் கலைப்பது முகங்கள். குந்தரின் பெரும்பணி, இன் ஆற்றங்கரையிலுள்ள ரோட் என்னும் ஊரின் பெனடிக்டின் மடத்துத் தேவாலயம். யொஹான் மிகாயேல் ஃபிஷர் கட்டிய அக்கோயிலுக்கு 1759 தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் பீடச் சிற்பங்களைச் செய்தார். பெரிய பீடத்தில் நிற்கும் பேரரசி குனிகுண்டா பதினோராம் நூற்றாண்டுப் புனிதை. குந்தர் செதுக்கியிருப்பதோ தம் காலத்து அரசவைச் சீமாட்டியை. ஒடுங்கிய இடை, நீண்ட கழுத்து, பாதி மூடிய கனத்த இமைகள், நம்மைக் கவனிக்காத பார்வை. பக்தி இதில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதே கோயிலில் கர்தினால் பேதுரு தமியானின் உருவம் இருக்கிறது. அதே ஒடுங்கிய கண்கள், அதே கூர்மை, ஆனால் அங்கே அது துறவியின் வறட்சியாகிவிடுகிறது. ஒரே உளி, ஒரே இமைக்கோடு. செருக்கும் தவமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை அலங்காரப் பொம்மைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் குந்தரை நமக்கு நெருக்கமாக்குபவை பீடச் சிற்பங்கள் அல்ல. வையார்ன் என்னும் ஊரில், அகுஸ்தீன் சபையாரின் மடத்துக் கோயிலுக்காக அவர் 1764இல் செய்த உருவங்கள்தாம். அவற்றுள் ஒன்று மங்கள வார்த்தை: மேகத்தின்மேல் இறங்கி வரும் வானதூதர் கபிரியேல், எதிரே முழந்தாளிட்ட மரியாள். மற்றொன்று இறந்த மகனை மடியில் தாங்கிய வியாகுல மாதா. இரண்டும் தூக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்டவை. திருநாட்களில் பக்த சபையார் தோளில் சுமந்து ஊர்வலம் போவதற்கான சுரூபங்கள் இவை. நம் மொழியில் சொன்னால் மூலவர் அல்லர், உற்சவர். 1763இல் செய்து இன்று மியூனிக்கின் பியூர்கர்சால் கோயிலில் இருக்கும் காவல் சம்மனசு உருவமும் இவ்வகைதான். சிறுவன் ஒருவனைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் வானதூதர், அடி எடுத்து வைக்கும் கணத்தில் நிற்கிறார்.

கலை வரலாற்று நூல்கள் இவற்றை அச்சிடும்போது கறுப்புப் பின்னணியில், மார்பு மட்டத்திலிருந்து எடுத்த நிழற்படமாக அச்சிடுகின்றன. அந்த நிலையில் பார்த்தால் கபிரியேலின் உடல் ஏன் இத்தனை முறுக்குகிறது, கை ஏன் அப்படி மேலே போகிறது, மேலாடை ஏன் காற்றே இல்லாத இடத்தில் பறக்கிறது என்று விளங்காது. ஆடம்பரம் என்று சொல்லிவிடத்தான் தோன்றும். ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூர்த் தேரடியில் நின்றவருக்கு இது விளங்கும். அங்கே பார்வை கீழிருந்து மேலே போகிறது. எதிரே இருப்பது அசைகிறது. பார்ப்பவரும் கூட்டத்தில் தள்ளப்பட்டு அசைகிறார். ஒரு யாளியின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது; வடம் இழுபட, தேர் குலுங்க, அடுத்த பலகை வருகிறது. அந்த ஒரு கணத்தில் பிடிபட வேண்டுமானால் உருவம் மிகையாகத்தான் இருந்தாக வேண்டும். புருவம் உயர வேண்டும், இடை ஒடிய வேண்டும், கை வெளியே பாய வேண்டும். மண்டபத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பதற்குரிய அளவுகோல் வீதிக்குப் பொருந்தாது. தோளில் சுமப்பவர் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கும்போது வையார்ன் கபிரியேல் உண்மையிலேயே இறங்கி வந்திருப்பார். முதுகைக் குடைந்து எடை குறைத்ததன் அருமை, பெருமாளை ஏளப்பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்குச் சொல்லாமலே தெரியும்.

வேற்றுமைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. நம் தேர்ச்சிற்பி தாள அளவுக்குக் கட்டுப்பட்டவர். இந்தத் தெய்வத்துக்கு இத்தனை கை, இந்த ஆயுதம், இந்த நிலை என்பது முன்னரே முடிவானது. குந்தருக்கு அத்தகைய அளவுநூல் இல்லை. மரியாளின் முகத்துக்குத் தெருவில் பார்த்த பெண்ணின் முகத்தை வைக்க அவருக்கு உரிமை இருந்தது, வைத்துமிருக்கிறார் என்றே அந்தச் சற்று மேல்நோக்கிய சிறிய மூக்குகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது. தேர்ப்பலகைகள் சிறு உருவங்களின் பெருந்திரள்; குந்தருடையவை ஒன்றிரண்டு உருவங்கள் கொண்ட நாடகம். மேலும், குந்தரின் சுரூபத்தைச் சுமந்தவர்கள் சபையின் உறுப்பினர்கள். நம் தேர்களின் வடத்தை யார் தொடலாம், தேர் எந்தத் தெருவுக்குள் போகும் என்ற கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு வேறு. அதைச் சிற்பத்தின் அழகு ஈடு செய்யாது.

காலத்தால் இவ்விரு உலகங்களும் அருகருகே இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். வீரமாமுனிவர் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணியை முடித்தது 1726இல். அப்போது குந்தருக்கு ஒரு வயது. முனிவர் மறைந்த 1747இல் குந்தர் ஷ்ட்ரௌப்பின் பட்டறையில் உளி பிடித்துக்கொண்டிருந்தார். நம் பகுதிக்குத் தொலைவில்லாத காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய முனிவர், கோணான்குப்பத்தில் மாதாவைப் பெரியநாயகி என்றழைத்தார். அத்தகைய ஊர்களில் சுரூபங்கள் தேரிலும் சப்பரத்திலும் ஏறின. பின்னாளில் குந்தரும் ஷ்டார்ன்பெர்க் என்னும் ஏரிக்கரை ஊரில் சூசையப்பர் கோயிலுக்குப் பெரிய பீடம் செய்தார். ஒரே சமய அலை, ஓரிடத்தில் விருத்தப்பாவாகவும் ஓரிடத்தில் லிண்டன் மரமாகவும் கரையேறியது. இயேசு சபை 1773இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்டபோது மதுரை மிஷன் தவித்ததும், பவேரியாவில் பழைய பக்தி முறைகளுக்கு ஆதரவு குன்றியதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள்.

அந்தக் குன்றல் குந்தரின் வாழ்நாளிலேயே தொடங்கிவிட்டது. 1770இல் பவேரிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டுப்புறத் தேவாலயங்களில் தேவையற்ற அலங்காரங்களைத் தவிர்க்க வேண்டும், எளிமையும் கண்ணியமும் வேண்டும் என்பது அதன் சாரம். ஆணை வெளிவந்தது அதே மாக்சிமிலியன் யோசப்பின் பெயரால். பதினாறு ஆண்டுகளுக்கு முன் குந்தருக்குத் தொழில் செய்யும் உரிமை கொடுத்த அதே அரசர். பகுத்தறிவுக் காலத்தின் ரசனை மாறிவிட்டது. கிரேக்கப் பளிங்கின் அமைதியே அழகு என்றாகிவிட்டது. ஊர்வலங்களைக்கூட அரசு ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியது. குந்தர் வேலையில்லாமல் போகவில்லை. 1772இல் மியூனிக் பேராலயத்தின் கதவுகளுக்குச் சிற்பம் செய்தார். ஆனால் அவருக்குப் பின் அவ்வழியில் செல்வதற்கு எவரும் இல்லை. குரு ஷ்ட்ரௌப் சீடரைவிட ஒன்பதாண்டுகள் கூடுதலாக வாழ்ந்து, தாம் கற்பித்த கலை முழுவதும் வழக்கொழிவதைப் பார்த்துவிட்டு 1784இல் மறைந்தார்.

1803இல் பவேரியாவின் மடங்கள் எல்லாம் கலைக்கப்பட்டு அரசுடைமையாயின. நூலகங்கள் வண்டிகளில் போயின. வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. பல கோயில்கள் இடிக்கப்பட்டன. மரச்சிற்பங்கள் கைமாறி, வெகுகாலம் கழித்து அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. ரோட், வையார்ன் கோயில்கள் தப்பியதற்குக் காரணம் கலையார்வம் அன்று. மடத்துக் கோயில் ஊரார் பங்குக் கோயிலாயிற்று. ஞாயிறு பூசைக்கு ஊருக்கு ஒரு கோயில் வேண்டியிருந்தது. சுரூபங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. குந்தரைப் பெருங்கலைஞர் என்று ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. 1926இல் தீக்கிரையான திருவாரூர் ஆழித்தேர் 1930இல் மறுபடி எழுந்தது, திருவிழா நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நின்றுபோன தேர்களின் சிற்பப் பலகைகளோ கழன்று, இலண்டனிலும் பிற நகரங்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் ஏலப் பட்டியல்களிலும் 'தென்னிந்தியா, மரம், 18 அல்லது 19ஆம் நூற்றாண்டு' என்ற சீட்டோடு தொங்குகின்றன. திருவில்லிபுத்தூர்த் தேருக்கு இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் பொருத்தியபோது பழைமை போய்விட்டதென்று வருந்தியவர்கள் உண்டு. ஓடாத தேரின் பலகைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்த பிறகு நாம் அந்த வருத்தத்தில் பங்குகொள்வதில்லை.

குந்தரின் இறுதிப் படைப்பும் ஒரு வியாகுல மாதாதான். மியூனிக்குக்கு வெகுதொலைவில், ஷ்வாபியப் பகுதியிலுள்ள நென்னிங்கன் என்ற சிற்றூர்ச் சிற்றாலயத்துக்காக 1774இல் செய்தார். வையார்னில் பத்தாண்டுகளுக்கு முன் செய்ததே பொருள். ஆனால் இங்கே பறக்கும் மேலாடை இல்லை, மேகம் இல்லை. மகனின் உடல் தாயின் மடியிலிருந்து சரிகிறது. தாய் அழவில்லை, குனிந்து பார்க்கிறாள். அரசாணை கேட்ட எளிமை இதுதான் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தம் பெயரையும் ஆண்டையும் அதில் பொறித்தார். 1775 ஜூன் மாத இறுதியில் மியூனிக்கில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. நென்னிங்கன் மாதா இன்றும் அவ்வூரில்தான் இருக்கிறாள்.